சிறுதாங்கல் சவுட்டு நிலத்தில் அடிபட்டு விழுந்த நெல் நிபுணர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வு பெற்ற தாசில்தார் வெங்கடரமணன் அவர்களே, சித்தூரிலிருந்து ஜீப்பில் வந்திருக்கும் விவசாய இலாகா அதிகாரிகளே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நகரி நெசவாளப் பெருமக்களே, சேற்றுக் காலோடு வந்து தரையில் அமர்ந்திருக்கும் விவசாயிகளே, முன்வரிசையில் இருக்கும் திருமதி சுலோசனா முனிரத்தினம் அம்மையார் அவர்களே, கதவோரம் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கும் சிறுதாங்கல் ஊர்க்காரர்களே, எல்லோரையும் வணங்குகிறேன்.

சிறுதாங்கல் என்ற பேரைச் சொன்னதும் தலைகள் திரும்புகின்றன. திரும்பட்டும். அவர்களை வரச் சொன்னவன் நான்தான். அவர்கள் ஊர் வயலில்தான் நம் உதவி நெல் நிபுணர் முனிரத்தினம் அவர்களை அடித்தார்கள். இன்றோடு இருபத்து நான்கு நாள் ஆகிறது. மார்கழிப் பனி விலகாத காலை எட்டு மணிக்கு, மறுநாள் அறுக்க வேண்டிய கதிர்களுக்கு நடுவிலேயே வைத்து அடித்தார்கள். மூன்றாம் நாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போயிற்று. அவருக்கு வயது நாற்பத்தொன்று.

என் பெயர் நாகபூஷணம். ஏரிக்கரை நெல் பண்ணையில் ஃபீல்டுமேன். எட்டு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அவரைச் சாந்த சொரூபி என்றார்கள். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்றார்கள். அவரோடு ஒரு நாள் வயலில் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், இரங்கல் கூட்டத்தில் சொல்லும் பேச்சில்லைதான். ஆனால் பொய்யான மாலையை அவர் படத்துக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த முனிரத்தினம் ஒரு கொலைகாரர்.

என்ன கொன்றார்? பயிரைக் கொன்றார். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கொன்றார். பண்ணையின் கிழக்கு மூலையில் கல் வரப்பு கட்டிய ஐந்து பாத்திகள் இருந்தன. கடற்கரையிலிருந்து வண்டி வண்டியாக உப்பு வரும். அந்த உப்பைத் தொட்டியில் கரைத்து, பச்சைப் பசேலென்று நிற்கிற இருபது நாள் நாற்றின் மேல் பாய்ச்சச் சொல்வார். மூன்றாம் நாள் இலை நுனி வெளுக்கும். ஐந்தாம் நாள் தீய்ந்த காகிதம் மாதிரி சுருளும். பத்தாம் நாள் பாத்தி முழுக்கப் பிணம். நாற்று பறித்தே வயிறு வளர்த்த பெண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இந்தப் பாவம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் போவாது சார்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "சாவறது சாவட்டும்மா. சாவாதது எதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

பெரியோர்களே, அதுதான் அவர் தொழில். நம் ஏரிகளின் கடைமடை நிலங்களை நீங்கள் அறிவீர்கள். மழை தவறினால் மண் வெடிக்கும், தண்ணீர் தேங்கினால் உப்புச் சவுடு பூத்து வெள்ளையாக நிற்கும். பட்டா இல்லாதவனுக்கு அரசாங்கம் பட்டா கொடுக்கும்போது எந்த நிலத்தைக் கொடுக்கிறது? அந்த நிலத்தைத்தான். அந்த மண்ணில் விளைகிற நெல் ஒன்றை உண்டாக்கப் போகிறேன் என்று அவர் புறப்பட்டார். கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் நிற்கிற முரட்டுச் சிவப்பு நெல் ஒன்று உண்டு. நம் பக்கத்து மானாவாரி மேட்டில் புழுதியில் விதைத்தாலும் பிழைக்கிற கார் நெல் ஒன்று உண்டு. ஒன்று உப்பைத் தாங்கும், வறட்சியைத் தாங்காது. மற்றொன்று வறட்சியைத் தாங்கும், உப்பைக் கண்டால் செத்துப் போகும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பிறக்கிற பிள்ளையில் ஒன்றும் தெரியாது. பேரப்பிள்ளைத் தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து வரும். ஒரு பேரன் இரண்டுக்கும் ஆகாதவன், ஒரு பேரன் ஒன்றுக்கு மட்டும் ஆகிறவன், ஆயிரத்தில் ஒருவன் இரண்டையும் தாங்குகிறவன். அந்த ஒருவனைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரையும் சாகவிட வேண்டும். அதைச் செய்ய நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சு அவருக்கு இருந்தது.

ஆனால் ஒரு செடியையும் அவர் சும்மா தூக்கி எறிந்ததில்லை. அவருடைய நோட்டில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, செத்த காரணம். உப்பா, வறட்சியா, பூச்சியா, வேலையாள் மிதித்ததா? எழுதியாக வேண்டும். "தெரியவில்லை" என்று நான் ஒரு தடவை எழுதினேன். நோட்டை என் மேலேயே வீசினார். "நாகபூஷணம், அது எப்பிடி செத்துச்சுன்னு தெரியலன்னா அது செத்ததே தண்டம்டா. போய் வேரைத் தோண்டிப் பாத்துட்டு வந்து செப்பு" என்றார். கோபம் வந்தால் அவருக்குப் பாதி தெலுங்காகிவிடும்.

அந்த இரண்டு நெல்லையும் சேர்த்த நாளைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது. ஆந்திர ராஜ்யம் பிறந்த வருஷம். நகரி எந்தப் பக்கம், புத்தூர் எந்தப் பக்கம் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் போர்டுக்கு ஒரு நாள் ஒரு கட்சி தார் பூசும், மறுநாள் இன்னொரு கட்சி பூசும். அந்த வேளை பார்த்து, பூ வெடிக்கும் பக்குவத்தில் இருந்த கடலோர நெல்லை மண்தொட்டியோடு ரயிலில் கொண்டு வந்தார். நெல் பூ காலை பத்து மணி வாக்கில் விரியும், ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் பண்ணைக்கு வந்து மகரந்தத்தைத் தட்டவில்லை என்றால் அந்த வருஷம் போயிற்று. ஸ்டேஷனில் இறங்கினால் ரயில் மேல் கல் பறக்கிறது. தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து ஓடியிருக்கிறார். ஒரு கல் நெற்றியைப் பிளந்தது.

ரத்தம் வழிய வழிய என் முன்னால் வந்து நின்றார். நான் பதறிப் போய், "இன்னா சார் ஆச்சு?" என்றேன்.

"ரயில்வே கேட்டாண்ட ஒரு கும்பல் கோசம் போடுன்னான், போட்டேன். பாலத்தாண்ட இன்னொரு கும்பல் எதிர்க் கோசம் போடுன்னான், அதையும் போட்டேன். மணி இன்னா? பூ விரிஞ்சிடுச்சா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் நெற்றியை ஒரு துண்டால் நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் மகரந்தத்தைத் தட்டினார். எதிரே நம் கார் நெல் காத்திருந்தது. விடிவதற்குள் அதன் பூ ஒவ்வொன்றிலும் இருந்த ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் கிள்ளி எடுத்து நான் தயாராக வைத்திருந்தேன். காகித உறை போட்டு மூடினோம். உறையின் மேல் அவர் ரத்தம் சொட்டியது. வேறு உறை மாற்றச் சொன்னார், ஈரம் பட்டால் பூஞ்சணம் வரும் என்று. அந்தக் கதிரிலிருந்து இருபத்து மூன்று மணி நெல் கிடைத்தது. அந்த இருபத்து மூன்றிலிருந்துதான் எல்லாம்.

ஆறு தலைமுறை. ஆறு வருஷம் உப்பில் கொன்றும் தண்ணீரில்லாமல் கொன்றும் கடைசியில் முப்பத்தெட்டு வகை மிஞ்சின. பண்ணைக்குள் பிழைத்தால் போதாது, ஏழை விவசாயியின் சொந்தச் சவுட்டு மண்ணில் பிழைத்தால்தான் நெல் என்று சொன்னார். சிறுதாங்கலில் கங்கம்மா என்ற அம்மாளின் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். நேற்று வரை நிலமில்லாத குடும்பம். மூன்று வருஷம் முன்புதான் அந்தக் கடைமடைத் துண்டுக்குப் பட்டா வாங்கினார்கள். அவள் அண்ணன் வீராசாமிக்கும் பக்கத்திலேயே ஒரு துண்டு. அவர்கள் பிழைப்பெல்லாம் அந்தப் பட்டாக் காகிதத்தில்தான் இருந்தது. கங்கம்மாவும் இங்கே வந்திருக்கிறாள், கதவோரம் நீலச் சேலையில் நிற்கிறாள்.

புரட்டாசியில் முப்பத்தெட்டு வரிசை நட்டோம். வரிசைக்கு ஒரு நம்பர் வேண்டும். பண்ணையில் மூங்கில் சிம்பு நடுவோம். ஊர் வயலில் அதை அடுப்புக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான்தான் சொன்னேன். சவுக்குக் கட்டை, இரண்டு முழ நீளம், தலையில் வெள்ளைப் பெயிண்டு, அதில் கறுப்பில் எண். முப்பத்தெட்டு கட்டைகள் ஒரே நேர்க்கோட்டில், வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அவருக்கு அது பிடிக்கவில்லை. "இவ்ளோ பெரிசா எதுக்குடா?" என்றார். நான் கேட்கவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எல்லைக் கமிஷன் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம். எந்தக் கிராமம் ஆந்திராவில் இருக்கும், எந்தக் கிராமம் மதராஸுக்குப் போகும் என்று ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு பட்டியல் உலவிய காலம். அந்தக் காலத்தில் வெள்ளைத் தலையும் கறுப்பு எண்ணும் போட்ட கட்டைகளைச் சர்க்கார் ஆட்கள் ஒரு கோடாக நட்டால், அதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நெல் வரிசை என்றா நினைப்பான்? உங்களில் யார் அப்படி நினைத்திருப்பீர்கள்?

கேட்டார்கள். பாவம், கேட்கத்தான் செய்தார்கள். வரப்பில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முனிரத்தினம் அவர்களிடம் கேட்டவர்களை அவர் வயலுக்குள் இறக்கி, முதல் வரிசையிலிருந்து முப்பத்தெட்டாம் வரிசை வரை காட்டி, அரை நாள் சொற்பொழிவு நடத்திவிடுவார். கேட்டவன் தப்பித்தால் போதும் என்று ஓடுவான். ஆனால் அவர் பண்ணைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் வீராசாமி வந்தான். வயலில் நான் மட்டும் இருந்தேன். வெயில், பசி, அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கிற பத்தாவது ஆள் அவன்.

"இன்னா சார் இது, நெம்பரு போட்டு வரிசையா நட்டுக்கினு கீறீங்க?"

நான் சொன்ன பதிலை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. போலீஸிடம் சொல்லவில்லை, இலாகாவிடம் சொல்லவில்லை, முன்வரிசையில் இருக்கும் அந்த அம்மையாரிடமும் சொல்லவில்லை. இன்று இந்த மேடையில் சொல்கிறேன்.

"இதான்யா எல்லை" என்றேன். "இந்தக் கட்டைக்கு இந்தாண்ட ஆந்திரா, அந்தாண்ட மெட்ராஸு. உன் நெலம் அந்தாண்ட பூடுச்சு. மூட்டையைக் கட்டு."

அவன் சிரிக்கவில்லை. "அப்போ என் பட்டா?" என்று கேட்டான்.

"மடிச்சுக் காதுல சொருவிக்கோ" என்று சொல்லிவிட்டு, நான் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

கேலி. வெறும் கேலி. எங்கள் வீட்டில் எல்லோரும் எனக்கு வாய் நீளம் என்பார்கள். நான் மறந்தே போனேன். வீராசாமி மறக்கவில்லை. வருஷக்கணக்காக மனு போட்டு, தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து வாங்கிய பட்டாவை எவனாவது மறப்பானா?

பிறகு கார்த்திகை வந்தது. பயிர் சூல் பிடித்தது. வறட்சிச் சோதனைக்கு அதுதான் நேரம். முனிரத்தினம் அவர்கள் கங்கம்மாவின் மடையை மண் வைத்து அடைத்தார். இருபது நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றார். கங்கம்மா வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

"புள்ளத்தாச்சி மாரி நிக்குது சார். இப்பப் போய்த் தண்ணிய நிறுத்துனா இன்னா ஆவும்?"

"இருபது நாள் தாங்கலன்னா, மழை இல்லாத வருசத்துல நீ இன்னாம்மா துன்னுவ? கொஞ்சம் ஊர்கோ, பொறுத்துக்கோ. தாங்கறது தாங்கும்" என்றார் அவர்.

அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் ஊர் என்ன பார்த்தது? கட்டை நட்டார்கள், சரி. கட்டை நட்ட நிலத்துக்குத் தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். மதராஸுக்குப் போகப்போகிற நிலத்துக்கு எங்கள் ஏரித் தண்ணீர் எதற்கு என்று சர்க்கார் இப்போதே அடைத்துவிட்டது. அப்படித்தான் பேசினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லாதீர்கள். கண்ணால் பார்த்ததைக் காதால் கேட்டதோடு கூட்டினார்கள். கண்ணால் பார்த்தது அவருடைய விஞ்ஞானம். காதால் கேட்டது என் கேலி.

முப்பத்தெட்டு வரிசையில் முப்பத்தாறு வரிசை அந்த இருபது நாளில் பதராகிப் போயின. இருபத்தொன்பதாம் வரிசை அரைகுறையாக நின்றது. பதினேழாம் வரிசை மட்டும் வெள்ளைச் சவுட்டின் மேல், தண்ணீரும் இல்லாமல், கதிர் நிறைந்து சாய்ந்தது. அதைப் பார்த்த அன்று அவர் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். நாளைக்கு மறுநாள் அறுக்கலாம், சாக்கு கொண்டு வா என்றார்.

அறுப்புக்கு முந்தின நாள் காலையில், நான் சாக்கோடு வந்து சேர்வதற்குள், சிறுதாங்கலிலிருந்தும் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் அறுபது எழுபது பேர் வந்துவிட்டார்கள். எருமைகளை வயலுக்குள் ஓட்டினார்கள். கட்டைகளைப் பிடுங்கினார்கள். முனிரத்தினம் அவர்கள் ஓடியிருக்கலாம். பின்பக்கம் ரோடுதான், ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. எருமைகளுக்கு நடுவே புகுந்து பதினேழாம் வரிசையின் மேல் கையை விரித்துக்கொண்டு குப்புற விழுந்தார். கட்டையைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தார்கள்.

அந்தக் கட்டைகளாலேயே அடித்தார்கள். நான் தூரத்தில் வரும்போது சத்தம் கேட்டது, நனைந்த துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். தமிழில் திட்டியவனும் இருந்தான், தெலுங்கில் திட்டியவனும் இருந்தான். இந்தக் கொலைக்கு ஒரு மொழியைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள யாரும் பார்க்க வேண்டாம். அவர் முதுகில் அடித்தார்கள், கழுத்தில் அடித்தார்கள், திரும்பிப் பார்த்தபோது முகத்தில் அடித்தார்கள். ஒரு கட்டை இரண்டாக உடைந்தது. உடைந்த பாதியால் அடித்தார்கள். சவுட்டு மண் வெள்ளை, உங்களுக்குத் தெரியும். அதில் ரத்தம் எவ்வளவு தூரம் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"அது வெறும் நெம்பருடா, நெல்லுக்குப் போட்ட நெம்பரு" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

வீராசாமி திரும்பினான். அவன் கையில் கட்டை இருந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. குழம்பிப் போன முகம்.

"நீதான சார் சொன்ன?" என்றான்.

பெரியோர்களே, அதோடு நான் ஓடுவதை நிறுத்தினேன். நான் வரப்பில் நின்றேன். என் மேல் ஒரு அடியும் விழவில்லை. என்னை யாரும் தொடவில்லை. எனக்குப் பதில் அவர் வாங்கிக்கொண்டார்.

மாட்டு வண்டியில் ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து லாரியில் திருப்பதிக்கு. வழியெல்லாம் அவர் தலை என் மடியில். மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். ஒரு கண்தான் திறந்தது.

"பதினேழு?" என்றார்.

"கட்டையெல்லாம் போச்சு சார். எது எந்த வரிசைன்னே தெரியல."

"கட்டை போனா போவுது. கங்கம்மாவைக் கேளு."

நான் கிளம்ப எழுந்தேன். என் சட்டை நுனியைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. "ஏன்டா அடிச்சாங்க, நாகபூஷணம்? காரணம் இன்னா?" என்று கேட்டார்.

செத்த ஒவ்வொரு செடிக்கும் காரணம் எழுதிய மனுஷன் கேட்கிறார். தெரியவில்லை என்று எழுதினால் நோட்டை வீசுகிற மனுஷன் கேட்கிறார். எனக்குக் காரணம் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெரியல சார்" என்றேன்.

அவர் நோட்டை வீசவில்லை. வீச அவர் கையில் நோட்டும் இல்லை, கையில் விரல்களும் சரியாக இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டாரா, இல்லையா? இந்தக் கேள்வியோடுதான் நான் இருபத்தொரு நாளாகச் சோறு தின்கிறேன்.

சுலோசனா அம்மா, இதை நீங்கள் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். சபையில் கேட்க வைத்துவிட்டேன். தனியாக வந்து சொல்லத் துணிவில்லை. உங்கள் வீட்டு வாசல் வரை மூன்று தடவை வந்து திரும்பிப் போனேன். உங்கள் கணவர் செத்த காரணம் உப்பு அல்ல, எல்லை அல்ல, சிறுதாங்கல் அல்ல. ஏழை ஒருவன் பயந்து போய்க் கேட்ட கேள்விக்கு, படித்தவன் ஒருவன் சொன்ன கேலிப் பதில். அவர் நோட்டில் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டியது அதுதான்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். வீராசாமியும் ஐந்து பேரும் சிறையில் இருக்கிறார்கள். அடித்தவர்கள் அடித்ததற்குப் பதில் சொல்லட்டும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஏன் அடித்தார்கள் என்று கோர்ட்டில் கேட்கும்போது என் பேரும் அங்கே இருக்க வேண்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்களோடு ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் எழுதிக் கொடுக்கிறேன். இலாகா என்னை வேலையிலிருந்து நீக்கினால் நீக்கட்டும்.

இன்னும் ஒரு செய்தி பாக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து நான் நேராகச் சிறுதாங்கல் போனேன். கங்கம்மாவின் அண்ணனைப் போலீஸ் கொண்டு போயிருந்தது. அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் வாசலில் நின்று, பதினேழு என்றேன். எழுந்து வந்தாள். எருமை மிதித்துச் சேறாகிக் கிடந்த வயலில் இறங்கினாள். குனிந்து, விழுந்து கிடந்த ஒவ்வொரு தோகையையும் விரலால் நீவிப் பார்த்தாள்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாலு களை எடுத்துக்கீறேன் சார். இதோட தோகை மட்டும் கையை அறுக்கும். மத்ததெல்லாம் அறுக்காது. பாரு" என்று உள்ளங்கையைக் காட்டினாள். பழைய கீறல்கள் மேல் புதுக் கீறல்கள்.

நாள் முழுவதும் தேடினாள். ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த கதிரையும் விடவில்லை. கழுவி, உலர்த்தி, உருவி எடுத்தாள். எல்லாம் சேர்ந்து முக்கால் படி. அதோ, தலைவர் மேசை மேல் அவர் படத்துக்கு முன்னால் இருக்கும் துணிப்பை அதுதான். ஆறு வருஷமும், முப்பத்தாறு வரிசைச் சாவும், ஒரு மனுஷன் உயிரும் அதற்குள் இருக்கின்றன. வேறு எங்கும் அந்த விதை கிடையாது. வருகிற பட்டத்தில் விதைக்காமல் போனால், எலி தின்றாலும் புழு அரித்தாலும் எல்லாம் முடிந்தது.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். நானும் எழுதி வைத்துக்கொண்டுதான் வந்தேன். இந்த விதையை நான் விதைப்பேன், நான் பெருக்குவேன், அவர் பேரை வைப்பேன் என்று எழுதியிருக்கிறேன். இந்தக் காகிதத்தைப் படிக்க என் வாய்க்குத் தகுதி உண்டா? எனக்குத் தெரியவில்லை. சுலோசனா அம்மையார் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் நான் அந்தப் பையைத் தொட மாட்டேன்.

அம்மையார் எழுந்திருக்கிறார்கள். வழி விடுங்கள். யாரும் பிடிக்க வேண்டாம், அவர்கள் நடப்பார்கள். தலைவர் அவர்களே, பையை எடுத்துக்கொள்ளட்டும், தடுக்காதீர்கள்.

எடுத்துக்கொண்டார்கள். என் பக்கம் வரவில்லை. பின்னால் போகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்ளுங்கள். கதவோரம் போகிறார்கள்.

கங்கம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சபையோரே, அடித்தவனின் தங்கை கையில் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். என்னை ஒரு முறை திரும்பிப் பார்க்கவும் இல்லை. தீர்ப்பு எனக்குப் புரிந்தது. அது சரியான தீர்ப்பு. இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறேன்.

ஆகவே என் உறுதிமொழி சிறியது. அந்த நிலம் வருகிற ஏப்ரலுக்குப் பிறகு எந்த ராஜ்யத்தில் இருந்தாலும், நான் சர்க்கார் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிறைக்குப் போனால் திரும்பி வந்த பிறகும், அந்த வயலில் களை பறிக்கும் ஆளாக நான் இருப்பேன். கங்கம்மா அவர்களே, நாற்று என்றைக்கு நடுகிறீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள். விடிவதற்குள் வந்து சேற்றில் இறங்கி நிற்கிறேன். எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.